கலிஃபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா கடைக்கு ஊர் அனுமதி வாங்குவது: எதை முதலில், எதை அப்புறம்

கலிஃபோர்னியாவில் மருத்துவக் கஞ்சா டிஸ்பென்சரி திறக்க நினைப்பவர்களுக்குச் சில வருடங்களாக விண்ணப்பக் கோப்பு தயார் செய்து கொடுக்கிறேன். நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி நடந்தவை. இரண்டாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலை, லீஸில் கையெழுத்துப் போடுவது.

கடை தொடங்குகிறவர், அதில் பணம் போடுகிறவர், தன் ஸ்ட்ரிப் மால் இடத்தை அப்படி ஒரு கடைக்கு விடலாமா என்று யோசிக்கிறவர், மூவருக்குமாக இதை எழுதுகிறேன். வக்கீலிடம் போகாமல் இருக்க இது உதவாது. போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

1. முதலில் உங்கள் விசா, அப்புறம்தான் கடை

தமிழர்களுக்கு எழுதுவதால் இதை முதலில் வைக்கிறேன். மாநிலம் அனுமதித்தாலும் குடியேற்றம் முழுக்க ஃபெடரல் அரசின் கையில் இருக்கிறது. 2019 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றத் துறை வெளியிட்ட கொள்கை விளக்கத்தின்படி, மாநிலச் சட்டப்படி நடந்த கஞ்சா வேலையாக இருந்தாலும், குடியுரிமை கேட்கும்போது ‘நன்னடத்தை’ நிபந்தனை அடிபட்டுப் போகலாம். கடை முதலாளிக்கு மட்டும் என்றில்லை, அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் இதே சிக்கல்தான்.

அதனால் கிரீன் கார்டில் இருந்தாலும் எச்-1பியில் இருந்தாலும், ஒரு டாலர் போடுமுன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். கணவர் குடிமகன், மனைவி கிரீன் கார்டு என்றால் இருவர் பெயரிலும் கூட்டாகப் போடும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். அதையும் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பத்திரம் எழுத வேண்டும்.

கூடவே, பணம் யாரிடமிருந்து வருகிறது என்ற பட்டியலையும் இப்போதே எழுதிவிடுங்கள். மாநில விதியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் ‘உரிமையாளர்’. கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அதற்குக் கீழே என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். கடன் கொடுத்தவரும் ‘நிதித் தொடர்பு உள்ளவர்’ என்று விண்ணப்பத்தில் வந்தாக வேண்டும். மச்சான் கொடுத்த கைமாற்றும் இதில் அடங்கும். மச்சானின் விசா என்ன என்று நான் கேட்ட பிறகு பாதி பேச்சில் எழுந்து போனவர்கள் உண்டு. அவர்கள் புத்திசாலிகள்.

2. அந்த மனை எந்த அரசின் எல்லையில் இருக்கிறது

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகளும் 480க்கு மேற்பட்ட நகரங்களும் இருக்கின்றன. கஞ்சா கடையைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் தனி நாடு மாதிரி. தெருவின் இந்தப் பக்கம் அனுமதி, அந்தப் பக்கம் தடை என்பது சாதாரணம்.

தபால் முகவரியை நம்பாதீர்கள். முகவரியில் ‘சான் ஹோசே’ என்று இருக்கும், ஆனால் மனை நகர எல்லைக்கு வெளியே, கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கும். தபால் துறை தன் வசதிக்குப் பிரித்ததுதான் முகவரி. கவுண்டி அசெஸர் (சொத்து மதிப்பீட்டு அலுவலகம்) தளத்தில் அந்த முகவரியைப் போட்டு மனை எண்ணை எடுங்கள். பிறகு நகரத்தின் ஆன்லைன் வரைபடத்தில் அந்த எண் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் படிக்க வேண்டியது கவுண்டிச் சட்டம்.

பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒருவர் தவறான ஊரின் விண்ணப்பத்தில் நாற்பது பக்கம் நிரப்பிக் கொண்டுவந்தார்.

3. ஊர்ச் சட்டத்தைப் படிக்கும் முறை

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: “மருத்துவக் கஞ்சாவை 1996லேயே மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதித்தாச்சே, ஊர் எப்படித் தடுக்கலாம்?” தடுக்கலாம். 2013 மே மாதம் ரிவர்சைடு நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. நோயாளி கஞ்சா வைத்திருந்தால் அவருக்குக் குற்றத்திலிருந்து விலக்கு உண்டு. அதற்காகக் கடை வைக்க இடம் கொடுத்தே தீர வேண்டும் என்று ஊருக்குக் கட்டாயம் இல்லை. இப்போதுள்ள மாநிலச் சட்டத்தின் 26200ஆம் பிரிவும் ஊருக்கு அதே அதிகாரத்தைக் கொடுக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட ஊர்கள் இன்றும் கடையை அனுமதிப்பதில்லை.

ஊரின் முனிசிபல் கோடு (ஊர்ச் சட்டத் தொகுப்பு) ஆன்லைனில் இருக்கும். ‘கன்னபிஸ்’ என்று தேடினால் மட்டும் போதாது. ‘மரிவானா’ என்றும் ‘டிஸ்பென்சரி’ என்றும் தேடுங்கள். பழைய அத்தியாயம் பழைய சொல்லோடு அப்படியே கிடக்கும், புதியது வேறு தலைப்பில் இருக்கும். பொதுவாக மூன்று இடத்தில் விதி சிதறிக் கிடக்கும்: எங்கே வைக்கலாம் என்பது ஸோனிங் பகுதியில், யார் நடத்தலாம் என்பது தொழில் உரிமப் பகுதியில், எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வரிப் பகுதியில்.

ஸோனிங் அட்டவணையில் கஞ்சா கடை என்ற பெயரே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல ஊர்களின் ஸோனிங் சட்டம், பட்டியலில் உள்ளது மட்டுமே அனுமதி என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் தடை என்று அர்த்தம்.

தடை என்று தெரிந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது டெலிவரி. 2022இல் நிறைவேறி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 1186 சட்டப்படி, நோயாளிகளுக்கு மருத்துவக் கஞ்சாவை வீட்டுக்குக் கொண்டுகொடுப்பதை ஊர்கள் தடை செய்ய முடியாது. நியாயமான கட்டுப்பாடுகள் போடலாம், கதவை மூட முடியாது. வாடிக்கையாளர் உள்ளே வராத, டெலிவரி மட்டும் செய்கிற உரிமம் தனி வகை. மருத்துவத் தேவைக்கு மட்டும் என்று தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். கடை முகப்பு இல்லாததால் செலவும் குறையும், அக்கம்பக்கத்துச் சண்டையும் குறையும்.

சட்டத்தைப் படித்த கையோடு சமீபத்திய நகரசபைக் கூட்ட நிரலையும் பாருங்கள். கோடு புத்தகத்தில் ஏறாத திருத்தம், தற்காலிகத் தடை, ‘இனி புதிய விண்ணப்பம் வேண்டாம்’ என்ற தீர்மானம் எல்லாம் அங்கேதான் முதலில் தெரியும்.

4. தூரம் அளப்பது

அதிகம் பேர் விழும் குழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாநில விதி: மழலை வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை நடத்தும் பள்ளி, டே கேர் மையம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடிக்குள் கடை இருக்கக் கூடாது. இந்த எண்ணை ஊர் மாற்றிக்கொள்ளலாம். கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். தூரம் கணக்கிட வேண்டிய இடங்களின் பட்டியலையும் நீட்டலாம்: பூங்கா, நூலகம், வழிபாட்டு இடம், போதை மீட்பு மையம், வீட்டு மனைகள், இன்னொரு கஞ்சா கடை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளியிலிருந்து 600 அடி, இன்னொரு கஞ்சா கடையிலிருந்தும் 600 அடி. வேறு சில ஊர்களில் பள்ளிக்கு 1000 அடி.

அளக்கும் முறையில்தான் வினை. கடை வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு நடந்து போகும் தூரம் இது இல்லை. பள்ளி மனையின் எல்லைக்கோட்டிலிருந்து கடை இருக்கும் மனையின் மிக அருகிலுள்ள எல்லைக்கோடு வரை, நேர்கோட்டில், நடுவில் என்ன கட்டடம் இருந்தாலும் கணக்கில் எடுக்காமல் அளப்பது மாநில முறை. உங்கள் கடை பெரிய மாலின் கடைக்கோடியில் இருக்கும், ஆனால் மால் முழுவதும் ஒரே மனை. அதன் பார்க்கிங் ஓரத்திலிருந்து அளந்தால் 400 அடிதான் வரும். சில ஊர்கள் கடைச் சுவரிலிருந்தோ வாசலிலிருந்தோ அளக்கின்றன. ஊர்ச் சட்டத்தில் ‘அளவிடும் முறை’ என்ற பத்தியை வரிவரியாகப் படிக்காமல் ஃபோன் வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு நண்பர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்து, உள்ளே பெயின்ட் வேலையையும் தொடங்கிவிட்டு ப்ளானிங் கவுண்ட்டருக்கு என்னை அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் மனை எண்ணைத் தட்டினார். திரையில் மனையைச் சுற்றி ஒரு நீல வட்டம் வந்தது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு சர்ச். “சர்ச்சுக்கு எங்கள் ஊரில் தூரம் கிடையாது,” என்றார் அந்தப் பெண். நண்பர் மூச்சு விட்டார். அந்தப் பெண் வரைபடத்தின் இன்னொரு அடுக்கைத் திறந்தார். சர்ச்சின் அடித்தளத்தில் உரிமம் பெற்ற பிரீஸ்கூல் ஒன்று நடக்கிறது. 540 அடி. நண்பர் அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனதால் குழந்தைகளைப் பார்த்ததில்லை.

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, பள்ளி நடக்கும் நாளில், காலை எட்டு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் அந்த வட்டாரத்தை நடந்தே சுற்றுங்கள். இரண்டு, மாநில சமூக சேவைத் துறையின் தேடுபக்கத்தில் உரிமம் பெற்ற குழந்தைப் பராமரிப்பு இடங்களைத் தேடுங்கள். வீட்டில் நடத்தும் சிறிய டே கேர், மாநிலக் கணக்கில் ‘டே கேர் மையம்’ ஆகாது. ஆனால் சில ஊர்கள் அதையும் சேர்க்கின்றன. மூன்று, சந்தேகமான இடம் எதுவானாலும் ஊரிடம் எழுத்தில் கேளுங்கள். பரதநாட்டியப் பள்ளி, கராத்தே வகுப்பு, கணக்கு ட்யூஷன் மையம், வார இறுதியில் வாடகைக்கு எடுத்து நடக்கும் தமிழ்ப்பள்ளி, இவையெல்லாம் ‘பள்ளி’யா, ‘இளைஞர் மைய’மா, இரண்டும் இல்லையா? கவுண்ட்டரில் வாயால் சொன்ன பதில் நாளை விசாரணையில் நிற்காது.

கேட்க வேண்டியது ‘ஸோனிங் வெரிஃபிகேஷன் லெட்டர்’, அதாவது அந்த மனையில் கடை வைக்க ஸோனிங் விதி இடம் தருகிறதா என்று ஊர் எழுதித் தரும் கடிதம். சின்னக் கட்டணம் இருக்கும், சில வாரம் ஆகும். அந்தக் கடிதம் கையில் வரும்வரை எந்தப் பணமும் நகரக் கூடாது.

கடிதம் வந்த பிறகும் ஓர் ஓட்டை உண்டு. மாநில விதி, உரிமம் கொடுக்கும் நேரத்தில் இருக்கும் பள்ளிகளையும் மையங்களையும் பார்க்கிறது. நீங்கள் விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களில் பக்கத்தில் ஒரு டே கேர் மையம் திறந்தால் சிக்கல். சில ஊர்கள் விண்ணப்பம் முழுமையான தேதியையே கணக்கில் எடுக்கின்றன. உங்கள் ஊர் எந்தத் தேதியைப் பிடிக்கிறது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

5. லீஸ்: கையெழுத்துக்கு முன் நான்கு வரி

இடம் சரி என்று கடிதம் வந்தாச்சு. இப்போதுதான் கட்டட உரிமையாளரோடு பேச வேண்டும். விண்ணப்பத்தில் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று பல ஊர்கள் கேட்பதால்தான் மக்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். 2019 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ், முதலில் வருபவருக்கு முதலில் என்று ஆன்லைனில் திறந்த சுற்றில் 100 இடத்துக்கு 800க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பிக்கவே இடம் கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடம் கிடைக்காத மற்றவர்களின் வாடகைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதனால் லீஸ் வேண்டாம், ‘ஆப்ஷன்’ எழுதுங்கள். மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, அனுமதி கிடைத்தால் இந்த வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையை வாங்கிவைப்பது. பெரும்பாலான ஊர்கள் ஆப்ஷனையோ ‘அனுமதி கிடைத்தால் வாடகைக்கு விடுவேன்’ என்ற கடிதத்தையோ ஏற்கின்றன. உரிமையாளர் லீஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், குறைந்தது இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும்:

- ஊர் அனுமதியோ மாநில உரிமமோ மறுக்கப்பட்டால் லீஸ் முடியும், அட்வான்ஸ் திரும்பும்.
- அனுமதி வரும்வரை குறைந்த வாடகை.
- கஞ்சா சில்லறை விற்பனை என்று பயன்பாட்டை வெளிப்படையாக எழுதுவது. ‘சில்லறை வணிகம்’ என்று மழுப்பினால் ஊர் ஏற்காது.
- கட்டடத்தின் மேல் உள்ள வங்கிக் கடன் இதை அனுமதிக்கிறது என்று உரிமையாளரின் உறுதி.

நான்காவதை யாரும் கேட்பதில்லை. ஃபெடரல் சட்டத்துக்கு மாறான பயன்பாடு கூடாது என்று கடன் பத்திரத்தில் ஒரு வரி பொதுவாக இருக்கும். வங்கி அதைப் பிடித்துக்கொண்டால் உரிமையாளர் உங்களைத்தான் வெளியே அனுப்புவார். நீங்களே கட்டட உரிமையாளர் என்றால் அலமாரியில் இருக்கும் உங்கள் கடன் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

6. எந்த வழியில் அனுமதி: வரிசையா, மதிப்பெண்ணா, குலுக்கலா

ஊர்கள் கடை எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது வழக்கம். வரம்பு இருந்தால் போட்டி இருக்கும். சில ஊர்கள் மதிப்பெண் போடும், சில குலுக்கும், சில வந்த வரிசையில் எடுக்கும். மதிப்பெண் முறை என்றால் மதிப்பெண் அட்டவணையை முதலில் வாங்குங்கள். அக்கம்பக்க நலனுக்கு 200, பாதுகாப்புக்கு 300 என்று இருந்தால் உங்கள் பக்கங்களும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். கடையின் அழகைப் பற்றி முப்பது பக்கம் எழுதி, பாதுகாப்புக்கு ஐந்து பக்கம் கொடுத்த கோப்பைப் பார்த்திருக்கிறேன்.

ஈக்விட்டி திட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய போதைப்பொருள் சட்டங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும் திட்டம் இது. ஓக்லண்ட் 2017இல் தொடங்கியது. தகுதி இல்லாதவர்கள் தகுதி உள்ள ஒருவரைப் பெயருக்கு முன்னால் நிறுத்திப் பின்னால் இருந்து நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். பங்குப் பத்திரம், வங்கிக் கணக்கு, கையெழுத்து அதிகாரம் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

பொதுவாக இரண்டு அனுமதிகள் தேவைப்படும். கண்டிஷனல் யூஸ் பெர்மிட் (நிபந்தனைகளோடு தரும் நிலப் பயன்பாட்டு அனுமதி) நிலத்துக்கு, நடத்துநர் உரிமம் ஆளுக்கு. கலிஃபோர்னியாவில் முதலாவது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், கடையை விற்றாலும் அங்கேயே இருக்கும். இரண்டாவது உங்களோடு போகும், மாற்றிக் கொடுக்க ஊரின் சம்மதம் வேண்டும். நடக்கும் கடையை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாறுகிறார்கள். யூஸ் பெர்மிட்டைக் காட்டி ‘எல்லா அனுமதியும் இருக்கு’ என்பார்கள். ஆளுக்கான உரிமம் உங்கள் பெயருக்கு வராமல் கதவைத் திறக்க முடியாது.

7. கோப்பு

இடத்தின் வரைபடத்தை முதலில் போடுங்கள். மற்ற எல்லாத் திட்டமும் அதன் மேல்தான் உட்காரும். எல்லா வாசல், ஜன்னல், சுவர், கேமரா, பணம் வைக்கும் இடம், சரக்கு அறை, வாடிக்கையாளர் வரக்கூடிய பகுதி, ஊழியர் மட்டும் போகும் பகுதி, அளவோடு. ஊருக்கு ஒரு வரைபடம், மாநிலத்துக்கு வேறு ஒன்று என்று கொடுத்துவிட்டு இரண்டும் ஒத்துப்போகாமல் திரும்பி வந்த கோப்புகள் ஏராளம். ஒரே வரைபடம், ஒரே தேதி.

பாதுகாப்புத் திட்டத்துக்கு மாநில விதிதான் குறைந்தபட்சம். ஊர் அதற்கு மேல் கேட்கலாம். கேமரா 24 மணி நேரமும் ஓட வேண்டும். குறைந்தது 1280க்கு 720 பிக்சல், நொடிக்கு 15 ஃபிரேம், பதிவு 90 நாள் இருக்க வேண்டும். கல்லாவில் நிற்பவரின் முகம் தெரிய வேண்டும். காவலாளியும் வேண்டும். திட்டத்தை எழுதும் முன் ஊர்க் காவல் துறையில் இதற்கென்று இருக்கும் அதிகாரியோடு அரை மணி நேரம் பேசுங்கள். அவர் எந்த மூலை இருட்டாக இருக்கிறது, எந்த நேரம் பிரச்சினை என்று சொல்வதை அப்படியே திட்டத்தில் எழுதினால் பிறகு அவரே மேசையில் உங்கள் பக்கம் பேசுவார்.

வாசனைக்கு ஒரு பக்கம் போதும்: எந்த வடிகட்டி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, புகார் வந்தால் யார் ஃபோன் எடுப்பார்.

சுற்றுச்சூழல் சட்டமான சீக்வா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்கனவே உள்ள கட்டடத்தில் சின்னக் கடை என்றால் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். ஆனால் அந்த விலக்கு அறிவிப்பை ஊர், கவுண்டி கிளார்க்கிடம் பதிய வேண்டும். இதைக் கேட்டு வாங்காவிட்டால் இரண்டு நஷ்டம். மாநிலம் உரிமத்துக்கு அந்தச் சான்றைக் கேட்கும். பதிந்தால், எதிர்த்து வழக்குப் போட 35 நாள்தான் அவகாசம். பதியாவிட்டால் அது 180 நாளாக நீளும்.

8. பொது விசாரணை

யூஸ் பெர்மிட் என்றால், ஊரின் நிலப் பயன்பாட்டைப் பார்க்கும் குழுவான ப்ளானிங் கமிஷன் முன் விசாரணை நடக்கும். குறைந்தது 10 நாள் முன்னதாக, 300 அடிக்குள் உள்ள நில உரிமையாளர்களுக்கு ஊர் அறிவிப்பு அனுப்பும். பல ஊர்கள் இன்னும் அதிக தூரத்துக்கு அனுப்புகின்றன. அந்த அட்டை தபாலில் வந்துதான் உங்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்கிறார்கள் என்றால், பாதி தோற்றாச்சு.

அட்டை போவதற்கு மூன்று வாரம் முன்பே நீங்களே வீடு வீடாகப் போங்கள். கையில் வரைபடமும், பகல் இரவு எப்போது கூப்பிட்டாலும் எடுக்கும் ஃபோன் எண்ணும் இருக்கட்டும். கஞ்சா நல்லதா கெட்டதா என்று வாதாடாதீர்கள். ஒரு விசாரணையில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் மைக்கைப் பிடித்தார். எதிர்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “என் வீட்டு வாசலில் வண்டி நிறுத்தாமல் யார் பார்த்துக்கொள்வார்கள்?” வெள்ளி, சனி மாலைகளில் காவலாளி ஒருவர் அந்தத் தெரு முனையில் நிற்பார் என்ற நிபந்தனையை நாங்களே முன்மொழிந்தோம். உட்கார்ந்துவிட்டார்.

கூட்ட நிரல் 72 மணி நேரம் முன்பு வெளியாகும். அதோடு ஊர் அலுவலர்கள் உங்கள் கோப்பைப் பற்றி எழுதிய அறிக்கையும் வரும். அதில் உங்கள் கோப்புக்குப் போடப்போகும் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். அன்றிரவே படியுங்கள். ‘இரவு 8 மணிக்கு மூட வேண்டும்’ என்ற வரியைக் கூட்டத்தில்தான் முதல்தடவை பார்த்து, சரி சரி என்று தலையாட்டி, பிறகு வருத்தப்பட்டவர்கள் உண்டு. பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதில் உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லாதீர்கள், நிபந்தனைகளைப் பற்றிப் பேசுங்கள்.

எதிர்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இது எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்று சொல்வதைவிட ‘விதிப்படி 600 அடி வேண்டும், இங்கே 570 அடிதான் இருக்கிறது, இதோ வரைபடம்’ என்பதற்குத்தான் கமிஷன் கட்டுப்படும். முடிவு பிடிக்காவிட்டால் நகரசபையில் மேல்முறையீடு செய்யலாம். கெடு மிகக் குறைவு, நாள் கணக்கில்தான். விசாரணை முடிந்த அன்றே கெடு தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

9. அப்புறம்தான் மாநில உரிமம்

2021 ஜூலையில் மூன்று துறைகளை ஒன்றாக்கி உருவான கஞ்சா கட்டுப்பாட்டுத் துறைதான் உரிமம் தருகிறது. ஊர்ச் சட்டத்தை மீறும் கடைக்கு அது உரிமம் தரக் கூடாது. நீங்கள் அனுமதிச் சான்றைக் கொடுக்காமல் விண்ணப்பித்தால் மாநிலம் ஊரிடம் கேட்கும், ஊருக்கு 60 வேலை நாள் அவகாசம். சான்றைக் கையோடு கொடுத்தால் இந்தக் காத்திருப்பு குறையும். ஊர் முதலில் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலர், 5,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம், வருட உரிமக் கட்டணம் விற்பனையைப் பொறுத்துத் தனி. 10 பேரோ அதற்கு மேலோ ஊழியர்கள் இருந்தால் தொழிற்சங்கத்தோடு ‘லேபர் பீஸ்’ (தொழில் அமைதி) ஒப்பந்தம் வேண்டும். 2024 ஜூலைக்கு முன் இது 20 பேராக இருந்தது. பழைய கையேடுகளில் இன்னும் 20 என்றே இருக்கும், பார்த்து ஏமாறாதீர்கள்.

மருத்துவத்துக்கு ‘எம்’, 21 வயது வந்தவர்களுக்கு ‘ஏ’ என்று இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரே உரிமத்தில் இரண்டையும் கேட்கலாம். ஊர் மருத்துவ விற்பனையை மட்டும் அனுமதித்திருந்தால் ‘எம்’ மட்டும் கேளுங்கள். இரண்டையும் டிக் செய்துவிட்டு ஊர் மறுத்துக் கோப்பு நின்றுபோவது வழக்கமான தவறு.

10. திறந்த பிறகு

மாநில விதிப்படி விற்பனை நேரம் காலை 6 முதல் இரவு 10. ஊர் அதைக் குறைத்திருந்தால் ஊர் சொன்னதுதான் உங்களுக்கு நேரம்.

மருத்துவ வாடிக்கையாளர் 18 வயதிலிருந்து வரலாம், மருத்துவரின் பரிந்துரை வேண்டும். ஒரு நாளில் அவருக்கு 8 அவுன்ஸ் வரை விற்கலாம். மற்றவர்களுக்கு 28.5 கிராம். கல்லாவில் எல்லோரும் குழம்பும் இடம் வரி. மருத்துவரின் கடிதம் மட்டும் இருந்தால் விற்பனை வரி உண்டு. கவுண்டி கொடுக்கும் மருத்துவக் கஞ்சா அடையாள அட்டை இருந்தால்தான் விற்பனை வரி விலக்கு. மாநில எக்சைஸ் வரி இருவருக்குமே உண்டு. அது 2025 ஜூலையில் 19 சதவீதமாக ஏறி, அக்டோபர் 1 முதல் மறுபடி 15க்கு வந்தது.

ஊர் வரியிலும் வித்தியாசம் இருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவ விற்பனைக்கு 1,000 டாலருக்கு 50, மற்றதற்கு 100. அதனால் கல்லா மென்பொருளில் ஒவ்வொரு பில்லும் மருத்துவமா இல்லையா என்று முதல் நாளிலிருந்தே பிரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து பிரிக்க முடியாது. இந்த வரி மொத்த விற்பனை மேல் விழுவது, லாபத்தின் மேல் இல்லை. நஷ்டத்தில் ஓடினாலும் கட்ட வேண்டும்.

ஊர் உரிமத்தின் கடைசி நாளும் மாநில உரிமத்தின் கடைசி நாளும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் சுவர்க் காலண்டரில் தொண்ணூறு நாள் முன்னதாகவே குறித்து வையுங்கள். ஊர் உரிமம் காலாவதியானால் மாநிலப் புதுப்பிப்பும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கேமராவில் எண்பத்தைந்து நாளைக்கு முந்தைய பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்து அறுபதாவது நாளிலேயே பழைய பதிவு அழிந்துகொண்டிருப்பது ஆய்வாளர் வந்து கேட்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.